பி.ஆர்.ஓ. மேலாளர் ஆவது எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் வேலைவாய்ப்புப் பக்கங்களில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு விளம்பரத்தைப் பற்றி எழுதுகிறேன். தலைப்பு, 'மக்கள் தொடர்பு மேலாளர் தேவை'. கீழே தகுதிகள்: தமிழிலும் ஆங்கிலத்திலும் பிரஸ் நோட் எழுதத் தெரிய வேண்டும், நிருபர்களோடு நல்ல பழக்கம் இருக்க வேண்டும், விழா ஏற்பாடு செய்ய வேண்டும், வீடியோ எடிட்டிங் தெரிந்தால் முன்னுரிமை, சொந்த இருசக்கர வாகனம் அவசியம். இவ்வளவும் கெட்டிக்கார உதவியாளர் ஒருவரின் வேலை. மேலாளருக்கு உரியது என்று ஒரு வரிகூட இல்லை. அந்த வேலையில் சேர்பவர் பத்து வருடம் கழித்தும் அதையேதான் செய்துகொண்டிருப்பார். விசிட்டிங் கார்டில் பதவிப் பெயர் மட்டும் இரண்டு முறை மாறியிருக்கும்.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. தமிழ்நாட்டில் பி.ஆர்.ஓ. என்றதும் இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள். ஒருவர், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர். மற்றவர் சினிமா பி.ஆர்.ஓ. தமிழ்த் திரையுலகின் முதல் பி.ஆர்.ஓ. என்று அறியப்படுகிற ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் அந்த வேலையைத் தொடங்கியது 1958இல். இரண்டுமே செய்தியையும் படத்தையும் உரிய இடத்தில் கொண்டு சேர்க்கும் வேலை. அதில் குறைவு ஏதுமில்லை. ஆனால் தனியார் நிறுவனங்களும் மருத்துவமனைகளும் கல்லூரிகளும் பி.ஆர். பிரிவு தொடங்கியபோது இந்த அச்சையே எடுத்துக்கொண்டன. 'செய்தி வர வேண்டும்' என்பதுதான் உத்தரவு. எந்தச் செய்தி, யாருக்கு, எதற்கு என்று கேட்கும் இடம் அந்த அச்சில் கிடையாது.

துறை ஆய்வுகளில் இந்தப் பிரிவினை பழைய விஷயம். 1970களின் இறுதியில் கிளென் புரூம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் பி.ஆர். ஆட்கள் செய்யும் வேலையை நான்கு வகையாகப் பார்த்தார்: தீர்வு சொல்லும் நிபுணர், இரு தரப்புக்கும் இடையே பேச்சை நடத்துபவர், நிர்வாகத்தோடு உட்கார்ந்து சிக்கலை அவிழ்ப்பவர், எழுதியும் தயாரித்தும் கொடுப்பவர். முதல் மூன்றையும் பெரும்பாலும் ஒரே ஆள்தான் செய்கிறார் என்று கண்ட டேவிட் டோசியர், நான்கை இரண்டாகச் சுருக்கினார்: மேலாளர், தயாரித்துக் கொடுப்பவர். இரண்டாமவரை ஆங்கிலத்தில் டெக்னீஷியன் என்பார்கள். அதைத் 'தொழில்நுட்பர்' என்று தமிழாக்கினால் கணினி ஆள் என்று பொருளாகிவிடும். 'செய்து கொடுப்பவர்' என்றே சொல்கிறேன். பின்னர் ஜேம்ஸ் குருனிக் தலைமையிலான குழு அமெரிக்கா, கனடா, பிரிட்டன் மூன்று நாடுகளிலும் முந்நூறுக்கு மேற்பட்ட நிறுவனங்களை ஆராய்ந்தது. சிறந்த பிரிவையும் சாதாரணப் பிரிவையும் பிரித்துக் காட்டியது எழுத்துத் திறமையோ நிருபர் பழக்கமோ இல்லை. ஆய்வு செய்வது, இலக்கு வைப்பது, பட்ஜெட் போடுவது, விளைவை அளப்பது போன்ற மேலாண்மை அறிவு அந்தப் பிரிவுக்குள் இருக்கிறதா என்பதுதான்.

அதற்கும் முன்பே, 1927இல், ஆர்தர் பேஜ் என்பவரை அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்ட் டி. துணைத் தலைவராக அழைத்தது. நிறுவனத்தின் கொள்கை முடிவுகளில் தனக்கும் பங்கு உண்டு, வெறும் விளம்பரம் தேடும் ஆளாக வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் சேர்ந்தார். வேலையில் சேரும் முன் நிபந்தனை போடும் வசதி எல்லோருக்கும் வாய்க்காது. ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்யலாம் என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம்.

முதலில் நேரம். செய்து கொடுப்பவரின் வாரத்தில் நேரம் எங்கே போகிறது என்று இரண்டு வாரத்துக்கு அரை மணி நேரக் கணக்காகக் குறித்து வைத்தால் போதும். பெரும்பகுதி எழுதுவதில் போவதில்லை, ஒப்புதல் வாங்குவதில் போகிறது. காலை 11 மணிக்கு நாலு பத்தியில் ஒரு பிரஸ் நோட் தயார். மார்க்கெட்டிங் தலைவர் 'முன்னணி' என்ற சொல்லைச் சேர்க்கிறார். எச்.ஆர். தலைவர் தன் பெயரைச் சேர்க்கிறார். சட்டப் பிரிவு 'முன்னணி'யை எடுக்கிறது. எம்.டி.யின் உதவியாளர் அதைத் திரும்பச் சேர்த்து, எம்.டி.யின் மேற்கோளை மூன்று வரியிலிருந்து ஒன்பது வரியாக்குகிறார். ஏழு பேர் கை பட்டு, இரவு 7.45க்கு, குத்துவிளக்கு ஏற்றும் படத்தோடு உங்கள் டெஸ்க்குக்கு வந்து சேர்கிறது. மாவட்டப் பதிப்பின் பக்கம் மூடுகிற நேரம். மறுநாள் செய்தி வரவில்லையென்றால் பழி நிருபர் மேல்.

இதை மாற்ற அதிகாரம் தேவையில்லை, ஒரே ஒரு பக்க அட்டவணை போதும். பிரஸ் நோட்டுகளை மூன்று ரகமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். வழக்கமானவை (விருது, முகாம், ஆண்டு விழா): பி.ஆர். தலைவரே அனுப்பலாம், ஒப்புதல் வேண்டாம். எண்ணோ விலையோ உறுதிமொழியோ உள்ளவை: அந்தத் துறைத் தலைவர் ஒருவர், சட்டப் பிரிவு ஒருவர், இரண்டு மணி நேரம். உயிர், வழக்கு, வேலை நீக்கம், பங்கு விலை தொடர்பானவை: எம்.டி. நேரடியாக. ஒவ்வொரு ரகத்திலும் யார் எதைத் திருத்தலாம் என்பதும் எழுதியிருக்க வேண்டும். துறைத் தலைவர் தகவல் பிழையைத் திருத்தலாம், சட்டப் பிரிவு ஆபத்தான வாக்கியத்தைக் கோடிட்டுக் காட்டலாம், நடை பி.ஆர். பிரிவுடையது. இரண்டு மணி நேரத்தில் பதில் வராவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளப்படும் என்ற வரியையும் சேர்த்து எம்.டி.யிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். அந்தக் கடைசி வரிக்குத்தான் சண்டை வரும். வரட்டும், அந்தச் சண்டைதான் முதல் மேலாண்மை வேலை. சட்டப் பிரிவு ஒப்பவே ஒப்பாது என்றால், மூன்றாவது ரகத்துக்கு மட்டும் அந்த வரியை விலக்கிக்கொள்ளலாம்.

இப்படி மிச்சமாகும் நேரத்தைத் திரும்பவும் எழுதுவதில் போட்டால் பயனில்லை. 45 மணி நேர வாரத்தில் தயாரிப்பு வேலை 35 மணி நேரம் பிடிக்கிறது என்றால் ஆறு மாதத்தில் அதை இருபதாகக் குறைப்பது நடக்கக்கூடிய இலக்கு. நிறுவனத்தைப் பற்றிய 80 சொல் அறிமுகப் பத்தி, பெயர்களுக்கும் பதவிகளுக்கும் தமிழ் எழுத்துக்கூட்டல் பட்டியல், அடிக்கடி கேட்கப்படும் எண்களுக்கு ஒரு தகவல் தாள் (ஊழியர் எத்தனை, படுக்கை எத்தனை, எந்தத் தேதி நிலவரம்), இந்த மூன்றையும் ஒருமுறை செய்து வைத்தால் இளையவர் ஒருவர் வழக்கமான குறிப்பைத் தானே முடித்துவிடுவார். பிரஸ் நோட்டை ஒரு நிமிடத்தில் எழுதித் தரும் செயலிகளும் வந்துவிட்டன. எழுதிக் கொடுப்பதற்கு மட்டும் கிடைத்துவந்த சம்பளம் இனி ஏறாது என்பதை இத்துறையில் இருப்பவர்கள் எல்லோருமே உள்ளூர உணர்ந்திருக்கிறார்கள்.

அடுத்தது கணக்கு. மாதக் கடைசியில் கட்டிங்குகளை ஃபைலில் ஒட்டி, ஒவ்வொன்றின் நீள அகலத்தையும் அளந்து, விளம்பர விலையால் பெருக்கிக் காட்டுவது இன்றும் பல அலுவலகங்களில் நடக்கிறது. 10 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம், 150 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 1,000 ரூபாய் என்று வைத்தால் ஒன்றரை லட்சம். 'செய்திக்கு விளம்பரத்தைவிட நம்பகம் அதிகம்' என்று சொல்லி மூன்றால் பெருக்கினால் நாலரை லட்சம். இதற்கு ஏ.வி.இ. என்று பெயர். விளம்பர விலையை யாரும் முழுதாகக் கொடுப்பதில்லை. மூன்றால் பெருக்குவதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. நிறுவனத்தைக் கிழித்துப் போட்ட செய்திக்கும் இதே நாலரை லட்சம்தான் வரும். 2010இல் பார்சிலோனாவில் கூடிய சர்வதேச அளவீட்டு அமைப்புகள் ஏ.வி.இ. தகவல் தொடர்பின் மதிப்பைக் காட்டாது என்று வெளிப்படையாகவே அறிவித்தன. 2015இலும் 2020இலும் அந்தக் கோட்பாடுகள் புதுப்பிக்கப்பட்டபோதும் அந்த நிலை மாறவில்லை. ஆனாலும் இங்கே பல ஏஜென்சிகளின் மாத அறிக்கையில் அது முதல் பக்கத்திலேயே இருக்கிறது. காரணம் எளிது. எம்.டி.க்கு ரூபாயில் சொன்னால்தான் புரியும் என்ற நினைப்பு. உண்மையில் நிதித் தலைவர் அந்த எண்ணைப் பார்த்ததும் மனதுக்குள் சிரிக்கிறார். பி.ஆர். பிரிவை நிர்வாகம் கணக்குத் தெரியாதவர்களின் பிரிவு என்று ஒதுக்குவது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஏ.வி.இ.யை ஒரே மாதத்தில் நிறுத்தினால் எம்.டி. கேட்பார், 'போன மாதம் 40 லட்சம், இந்த மாதம் ஏன் ஒன்றுமில்லை?' அதனால் மூன்று மாதம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது நல்லது. ஒரு பத்தியில் பழைய எண். மறு பத்தியில் நிறுவனத்துக்கு உண்மையில் தேவைப்படும் எண்: புகார் எத்தனை குறைந்தது, ஐ.டி.ஐ. மாணவர் விண்ணப்பம் எத்தனை வந்தது, வேலையை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர். இரண்டு பத்திகளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஏறி இறங்குவதை எம்.டி. தன் கண்ணால் பார்த்த பிறகு பழைய பத்தி தானாகவே உதிரும்.

அந்த 'உண்மையில் தேவைப்படும் எண்' எங்கிருந்து வருகிறது என்பதுதான் மாற்றத்தின் நடுப்பகுதி. மாவட்டத் தலைநகர் ஒன்றில் 200 படுக்கை கொண்ட தனியார் மருத்துவமனை என்று வைத்துக்கொள்வோம். கூகுளில் மோசமான விமர்சனங்கள் குவிகின்றன. நிர்வாகம் பி.ஆர். ஆளைக் கூப்பிட்டு, 'நம் சாதனைகளைப் பற்றி மாதம் நாலு செய்தி வர வேண்டும்' என்கிறது. செய்து கொடுப்பவர் அரிய அறுவை சிகிச்சைக் கதைகளைத் தேடப் போவார். மேலாளராக யோசிப்பவர் பத்து நாள் அவகாசம் கேட்பார். கடைசி மூன்று மாதப் புகார்ப் பதிவேடு, விமர்சனங்கள் முழுவதும், டிஸ்சார்ஜ் ஆன இருபது குடும்பங்களுடன் பத்துப் பத்து நிமிடப் பேச்சு, பில்லிங் கவுன்டரிலும் இன்சூரன்ஸ் டெஸ்க்கிலும் உட்காரும் ஐந்து பேரிடம் ஒரு மணி நேரம். செலவு அநேகமாக டீக்காசுதான். புகார்களை ரகம் பிரித்துக் கோடு போட்டு எண்ணினால், மருத்துவரைப் பற்றிய குறை கொஞ்சம்தான் என்றும், பெரும்பாலானவை 'சேரும்போது ஒரு தொகை சொன்னார்கள், போகும்போது வேறு தொகை வந்தது' என்பதே என்றும் தெரிய வரலாம். அப்படித் தெரிந்துவிட்டால் பிரஸ் நோட்டுக்கு வேலை இல்லை. தினமும் மாலை 6 மணிக்கு அன்றைய தேதி வரையிலான பில்லை அச்சிட்டு உறவினர் கையில் கொடுத்து, ஒரு வரியில் விளக்க வேண்டும் என்பது பரிந்துரை. அதை நர்ஸ் செய்வதா, பில்லிங் ஆள் செய்வதா என்று வார்டு பொறுப்பாளருடன் பேசி முடிவு செய்வதும் அதே பரிந்துரையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் வாரமே நின்றுவிடும்.

1963இல் ஜான் மார்ஸ்டன் கொடுத்த நான்கு படி வாய்ப்பாட்டைக் கல்லூரிகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள்: ஆய்வு, செயல், தகவல் தொடர்பு, மதிப்பீடு. தேர்வில் எல்லோரும் சரியாகவே எழுதுகிறார்கள். வேலைக்கு வந்ததும் இரண்டாவது படி காணாமல் போய்விடுகிறது. நிறுவனம் தன் நடத்தையை மாற்றிக்கொள்வதுதான் அந்தச் 'செயல்'. அதைச் செய்யச் சொல்லும் உரிமை தங்களுக்கு இல்லை என்று பி.ஆர். ஆட்களே நம்பிவிடுகிறார்கள்.

திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். நொய்யலில் சாயக்கழிவு கலந்த வழக்கில், கழிவே வெளியேறாத நிலையை எட்டும் வரை சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று உத்தரவிட்டது. பிரச்சினை ஆற்றில் இருக்கும்போது அதை நாளிதழில் தீர்க்க முடியாது. எத்தனை ஏற்றுமதிச் சாதனைச் செய்தி வந்தாலும் கரையில் இருக்கும் விவசாயி தண்ணீரின் நிறத்தைத்தான் பார்ப்பார்.

இரண்டாவது படியை நிர்வாகத்திடம் கொண்டுபோக ஒரு கருவி வேண்டும். அது ஒரு பக்கக் குறிப்பு. நானூறு சொல்லுக்கு மேல் போகக் கூடாது. எந்த முடிவு எடுக்கப்போகிறோம். அதனால் பாதிக்கப்படுபவர்கள் யார், எத்தனை பேர். இன்று அவர்கள் என்ன நினைக்கிறார்கள், அதற்கு நம்மிடம் என்ன ஆதாரம். முடிவு வெளியானதும் என்ன செய்வார்கள். வேறு இரண்டு வழிகள், ஒவ்வொன்றுக்கும் செலவு. நம் பரிந்துரை எது. கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்னால் இது எம்.டி.யிடமும் நிதித் தலைவரிடமும் இருக்க வேண்டும். கூட்டத்தில் நாற்காலி கேட்டுப் போராடுவதைவிட இது வேகமாக வேலை செய்யும். தாள் மேசைக்கு வந்துவிட்டால் அதை விளக்க ஆளைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். இந்தக் குறிப்பு தோற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே: செலவுக் கட்டத்தில் 'மிதமான செலவு' என்று எழுதுவது. ரூபாயில் எழுத முடியவில்லையென்றால் நிதிப் பிரிவில் ஒருவரைப் பிடித்து எழுத வைக்க வேண்டும். லாப நட்டக் கணக்கு, பணப்புழக்கம், கடன், இந்த மூன்றையும் வாசிக்கத் தெரியாமல் நிர்வாகக் கூட்டத்தில் உட்கார்ந்தால் முதல் பத்து நிமிடத்திலேயே பேச்சு கைநழுவிவிடும். விஸ்காம், இதழியல் படித்து வருபவர்களுக்கு மாலைநேரக் கணக்குப்பதிவியல் வகுப்பு ஒன்று, இன்னொரு கேமரா வாங்குவதைவிட உதவும்.

பரிந்துரை நிராகரிக்கப்படும். பலமுறை நிராகரிக்கப்படும். தேதி போட்டு ஃபைலில் வைத்துவிட்டு, எடுத்த முடிவை நேர்மையாகச் செயல்படுத்த வேண்டும். பொய் சொல்லச் சொன்னால் மட்டும் முடியாது என்று சொல்ல வேண்டும். 1958இல் தொடங்கப்பட்ட இந்திய மக்கள் தொடர்புச் சங்கம், 1968 ஏப்ரல் 21 அன்று டெல்லி மாநாட்டில், மக்கள் தொடர்புத் துறைக்கான சர்வதேச ஒழுக்க விதிகளான ஏதென்ஸ் நெறிமுறைகளை ஏற்றுக்கொண்டது. அதனால்தான் அந்த நாளைத் தேசிய மக்கள் தொடர்பு தினமாகக் கொண்டாடுகிறோம். சால்வை போட்டுக் கேக் வெட்டும் பல அலுவலகங்களில் அந்த நெறிமுறையின் பிரதி ஒன்றுகூட இருக்காது என்பது வேறு விஷயம்.

நெருக்கடியில்தான் இரண்டு வகை ஆட்களுக்கும் உள்ள வித்தியாசம் வெளியே தெரியும். ஆலையில் விபத்து என்று வைத்துக்கொள்வோம். செய்து கொடுப்பவர் எம்.டி. என்ன சொல்லச் சொல்கிறார் என்று காத்திருப்பார். அதற்குள் வாட்ஸ்அப்பில் பத்துப் பேர் இறந்துவிட்டதாகச் செய்தி ஓடும். மேலாளர் ஆறு மாதம் முன்பே ஒரு தாளைத் தயார் செய்து, காகிதத்தில் அச்சிட்டு, மூன்று இடத்தில் வைத்திருப்பார். சர்வரே விழுந்துவிட்டால் கணினியில் இருக்கும் பட்டியல் எதற்கு உதவும்? பேசப்போகிறவர் யார், அவர் இல்லாவிட்டால் யார், இருவரின் இரண்டு இரண்டு எண்கள், சமூக ஊடகக் கடவுச்சொல் தெரிந்த இருவர், பக்கத்துக் காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், அரசு மருத்துவமனை. தகவல் போகும் வரிசையும் அதில் இருக்கும்: முதலில் குடும்பத்தினர், பிறகு ஊழியர்கள், பிறகு அரசுத் துறைகள், அப்புறம்தான் பத்திரிகை. முதல் ஒரு மணி நேரத்துக்கு அறுபது எழுபது சொல்லில் ஓர் அறிக்கை. தெரிந்தது என்ன, தெரியாதது என்ன, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. 'அடுத்த தகவல் மாலை 4 மணிக்கு' என்று எழுதிவிட்டால், புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் 4 மணிக்குப் பேச வேண்டும். அதைத் தவறவிட்டால் முதல் அறிக்கையின் மேலிருந்த நம்பிக்கையும் போய்விடும்.

அந்த அறிக்கையின் தமிழைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தலைமை அலுவலகத்தில் ஆங்கிலத்தில் எழுதி, சட்டப் பிரிவு பார்த்து, இரவு 9 மணிக்கு ஏஜென்சியில் யாரோ தமிழாக்குகிறார்கள். 'இடையூறுக்கு வருந்துகிறோம்' என்று வந்து நிற்கிறது. மகனைப் பறிகொடுத்த வீட்டில் அதைப் படித்தால் எப்படி இருக்கும்? ரயில் தாமதத்துக்குச் சொல்லும் சொல் அது. இன்னொன்று, ஆங்கிலத்தில் காயமடைந்தவர்களையும் சேர்த்துக் குறிக்கும் 'கேஷுவால்ட்டி' என்ற சொல் தமிழில் 'உயிரிழப்பு' ஆகிவிடும் ஆபத்து. எட்டுப் பேர் காயம் என்பது எட்டுப் பேர் பலி என்றாகிறது. 'சம்பவம்' என்ற சொல்லுக்கும் இப்போது வெட்டுக்குத்து வாடை வந்துவிட்டது. 'விபத்து' என்றே எழுதலாம். 'வருத்தம்', 'மன்னிப்பு' இரண்டில் எதைச் சொல்வது என்பது வழக்கைப் பாதிக்கும் முடிவு. அதைச் சட்டப் பிரிவும் பி.ஆர். பிரிவும் தமிழ்ச் சொல்லை முன்னால் வைத்துக்கொண்டு, அமைதியான நாள் ஒன்றில் பேசி முடித்திருக்க வேண்டும். தமிழ் அறிக்கையை மொழிபெயர்ப்பாகத் தயாரிக்காமல் ஆங்கிலத்தோடு ஒரே நேரத்தில் எழுதி, இரண்டையும் ஒன்றாக ஒப்புதலுக்கு அனுப்புவதுதான் பாதுகாப்பு.

சட்டத்தின் கடிகாரங்களும் தெரிந்திருக்க வேண்டும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால், சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பின் பட்டியலிடல் விதிகளில் 30ஆவது விதிப்படி இயக்குநர் குழுவின் முக்கிய முடிவு கூட்டம் முடிந்த 30 நிமிடத்தில் பங்குச் சந்தைக்குப் போக வேண்டும். வர்த்தக நேரம் முடிந்த பிறகு முடியும் கூட்டத்துக்கு 2024 டிசம்பரில் 3 மணி நேரம் என்று தளர்த்தினார்கள். நிறுவனத்துக்குள் எழும் முக்கிய நிகழ்வுக்கு 12 மணி நேரம், வெளியிலிருந்து வருவதற்கு 24 மணி நேரம். வதந்தியால் பங்கு விலை கணிசமாக அசைந்தால் 24 மணி நேரத்துக்குள் உறுதி செய்யவோ மறுக்கவோ விளக்கவோ வேண்டும். சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்களுக்கு 2024 ஜூன் 1 முதலும், முதல் 250க்கு அதே ஆண்டு டிசம்பர் 1 முதலும் இது கட்டாயம். இணையத் தாக்குதல் என்றால் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு 6 மணி நேரத்தில் தகவல் போக வேண்டும். பங்குச் சந்தைக்குப் போவதற்கு முன் ஆர்வக்கோளாறில் பிரஸ் நோட்டை நிருபர்களுக்கு அனுப்பிவிடுவது இத்துறையில் நடக்கக்கூடிய மிக மோசமான தவறுகளில் ஒன்று. பங்குச் சந்தைக்குத் தகவல் அனுப்பும் பொறுப்பில் உள்ள கம்பெனி செக்ரட்டரியின் அறை எங்கே இருக்கிறது என்றே தெரியாத பி.ஆர். ஆள்தான் அதைச் செய்வார்.

எதைச் சொல்வது என்பதிலும் இதே வேறுபாடுதான். 2015இல் மேகி நூடுல்ஸ் விவகாரம். ஜூன் 5 அன்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் திரும்பப் பெறச் சொன்னது. ஆகஸ்ட் 13 அன்று மும்பை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து மறு பரிசோதனைக்கு அனுப்பியது. நவம்பரில் பொருள் கடைக்குத் திரும்பியது. நிறுவனம் ஆரம்பத்தில் தன் பரிசோதனை முடிவுகளை முன்வைத்தது, ஈயம் வரம்புக்குள் இருக்கிறது என்றது. வீட்டில் இருந்த கேள்வி, 'பிள்ளைக்குப் போட்டுக் கொடுக்கலாமா, வேண்டாமா?' அளவுகளால் பதில் சொன்னால் அந்தக் கேள்வி அப்படியே நிற்கும். நீதிமன்றத்தில் சரியாக இருக்கும் பதில் சமையலறையில் போதாது என்பதை அன்றைக்கே, அந்த அறையிலேயே எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

ஆட்களை நடத்துவது பற்றிச் சுருக்கமாக. நன்றாக எழுதுபவர் மேலாளரானால் செய்யும் முதல் தவறு, கீழே இருப்பவர் எழுதியதை எல்லாம் சிவப்பு மையில் திருப்பி எழுதுவது. எழுதியவர் கற்றுக்கொள்வதில்லை, மேலாளருக்கு நேரமும் மிஞ்சுவதில்லை. மூன்று குறிப்பு எழுதித் திருப்பிக் கொடுத்து, இரண்டாம் முறை வருவதை அப்படியே அனுப்பப் பழக வேண்டும். கை நடுங்கத்தான் செய்யும். அதேபோல எல்லோரும் மேலாளர் ஆகியே தீர வேண்டும் என்பதும் இல்லை. அருமையாக எழுதும் ஒருவருக்கு எழுதிக்கொண்டே சம்பளம் உயரும் வழியை நிறுவனம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நல்ல எழுத்தாளரை இழந்து ஒரு சுமாரான மேலாளரைப் பெறுவோம். பெண்களுக்கு இதில் கூடுதல் அநீதி உண்டு. 1980களிலேயே அமெரிக்க ஆய்வுகள், பெண்கள் தயாரிப்பு வேலையிலேயே தேக்கி வைக்கப்படுவதையும் குறைந்த சம்பளம் பெறுவதையும் காட்டின. இங்கே பிரஸ் மீட்டில் பூங்கொத்து கொடுக்க நிற்பவர் யார், உள்ளே எம்.டி.யின் பக்கத்தில் உட்கார்ந்து பதில் எழுதித் தருபவர் யார் என்று உங்கள் நிருபர்களைக் கேட்டாலே தெரியும். பல இடங்களில் உள்ளே சொல்லும் பதிலைத் தயாரித்தவர் வெளியே பூங்கொத்தோடு நிற்பவர்தான்.

முதலாளிகளுக்கும் ஒன்று சொல்லலாம். பி.ஆர். பிரிவை மார்க்கெட்டிங்கின் கீழ் வைத்தால் விற்பனையைக் காட்டச் சொல்வார்கள், எச்.ஆர். கீழ் வைத்தால் ஆயுத பூஜைக்கு வாழைமரம் கட்டச் சொல்வார்கள். எம்.டி.க்கு நேரடியாகப் பதில் சொல்லும் இடத்தில் வைக்க மனமில்லை என்றால், வாரம் அரை மணி நேரமாவது நேரடிச் சந்திப்பு வேண்டும். பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கு ஆய்வுக்கும் அளவீட்டுக்கும் போகட்டும். இன்னொரு பத்தில் ஒரு பங்கை அவசரத்துக்கென்று தொடாமல் வைக்க வேண்டும். அந்த அவசரப் பணம்தான் மார்ச் மாதம் காலண்டர் பாக்கியைத் தீர்க்கக் காணாமல் போவது, அதைக் காப்பதும் மேலாளர் வேலைதான்.

உங்கள் பக்கத்திலிருந்து ஓர் உதவி. 'மக்கள் தொடர்பு மேலாளர்' என்று விளம்பரம் கொடுக்க வருபவர்களிடம் உங்கள் விளம்பரப் பிரிவு இரண்டு கேள்வி கேட்கலாம்: இவர் யாருக்குப் பதில் சொல்வார், எவ்வளவு பட்ஜெட் இவர் கையில் இருக்கும்? பதில் இருந்தால் அதையும் விளம்பரத்தில் போடச் சொல்லலாம்; இல்லையென்றால் தலைப்பை 'உதவியாளர்' என்று மாற்றிக்கொள்ளச் சொல்லலாம். கட்டணம் அதேதான்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் சினிமா பி.ஆர்.ஓ. பத்தியையும் பேராசிரியர்களையும் வெட்டிக்கொள்ளுங்கள். ஒப்புதல் அட்டவணையையும் தமிழ் அறிக்கை பற்றிய பத்தியையும் மட்டும் விட்டுவையுங்கள். திருத்தத்துக்கு எங்களிடம் திருப்பி அனுப்ப வேண்டாம். அனுப்பினால் ஏழு பேர் பார்க்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
மக்கள் தொடர்புத் துறையைச் சேர்ந்த வாசகர்,
சென்னை